மூன்றாவது பெடல்

கார் லிஃப்டில் ஆளுயரத்துக்கு மேலே நிற்கிறது. அடிவயிற்றில் கியர்பாக்ஸ் இருந்த இடம் திறந்து கிடக்கிறது. இறக்கி வைத்த கியர்பாக்ஸ் பக்கத்து மேசையில். அதன் முதுகில் ஒரு அலுமினியக் கட்டி. அதிலிருந்து புறப்படும் மெல்லிய எண்ணெய்க் குழாய்கள் முன்னால் எஞ்சினை ஒட்டி ஒளிந்திருக்கும் ஒரு மின்பம்ப்பில் போய்ச் சேரும். இருபது வருடமாக இந்தக் காரில் கிளட்ச் மிதித்ததும் கியர் மாற்றியதும் இந்தக் கட்டியும் பம்ப்பும்தான். இன்று இரண்டுமே கழற்றப்படுகின்றன. இனி அந்த வேலை, ஓட்டுபவரின் இடது காலுக்கும் அவர் கைக்கும்.

இது பி.எம்.டபிள்யூ எம்3. ஈ46 என்ற குறியீட்டால் அறியப்படும் தலைமுறை. 2000 முதல் 2006 வரை தயாரானது. ஒரே வரிசையில் ஆறு சிலிண்டர், 3.2 லிட்டர், டர்போ கிடையாது. ஐரோப்பிய மாடலில் 343 குதிரைத்திறன். நிமிடத்துக்கு 8,000 சுற்று வரை தயங்காமல் ஏறும் எஞ்சின். வாங்க வந்தவர்கள் முன்னால் இரண்டு வழிகள் இருந்தன. கிளட்ச் மிதித்துக் கையால் கியர் போடும் ஆறு வேக மேனுவல் ஒன்று. எஸ்.எம்.ஜி. இன்னொன்று: அதில் கிளட்ச் பெடல் இல்லை, ஸ்டீயரிங்குக்குப் பின்னால் இருக்கும் இரண்டு துடுப்புகளை விரலால் இழுத்தால் கியர் மாறும். அன்று எஸ்.எம்.ஜி.யோடு ஆசையாக வாங்கிப்போன கார்களைத்தான் இன்று ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பலர் மேனுவலாக மாற்றிக்கொண்டிருக்கிறார்கள்.

துடுப்பு கியர் பந்தயத்திலிருந்து வந்த சரக்கு. 1989-ல் ஜான் பர்னார்டு வடிவமைத்த ஃபெராரி 640, கியர் ராடு இல்லாமல் ஃபார்முலா ஒன் களத்தில் இறங்கியது. அந்தப் பருவத்தின் முதல் பந்தயம் பிரேசிலில். நைஜல் மான்செல் அதையே ஓட்டி ஜெயித்தார். சில ஆண்டுகளில் மற்ற அணிகளும் அதே வழிக்கு வந்தன. 1997-ல் ஃபெராரி எஃப்355 மூலம் அந்த ஏற்பாடு சாலைக் காருக்கும் இறங்கியது. பி.எம்.டபிள்யூ 2001-ல் ஈ46 எம்3-இல் தந்த இரண்டாம் தலைமுறை எஸ்.எம்.ஜி. அதே குடும்பத்துப் பிள்ளை. அதன் மிக வேகமான நிலையில் ஒரு கியர் மாற 80 மில்லிவினாடி போதும். ‘கண் இமைக்கும் நேரத்துக்குள்’ என்று பேச்சுக்குச் சொல்வோம். இங்கே அது அளந்து சொன்ன உண்மை.

இந்த இடத்தில் ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். எஸ்.எம்.ஜி.யை ஆட்டோமேட்டிக் என்று அழைப்பது பாதிதான் சரி. வழக்கமான ஆட்டோமேட்டிக்கில் எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே டார்க் கன்வர்ட்டர் என்ற எண்ணெய் நிரம்பிய உருளை இருக்கும். எஞ்சின் பக்கத்துச் சக்கரம் எண்ணெயைச் சுழற்ற, அந்த எண்ணெய் மறுபக்கத்துச் சக்கரத்தைத் தள்ளும். உள்ளே இருக்கும் கியர்களும் வேறு சாதி: ஒன்றை ஒன்று சுற்றிவரும் கோள் அமைப்பு. எஸ்.எம்.ஜி.யில் இவை எதுவும் கிடையாது. மேனுவல் எம்3-இல் இருக்கும் அதே கெட்ராக் நிறுவனத்து ஆறு வேக கியர்பாக்ஸ்தான் இதிலும். முதல் கியர் விகிதம் 4.23, ஆறாவது 0.83, பின் அச்சில் 3.62, எல்லாம் இரண்டுக்கும் ஒன்றே. கிளட்ச் பிளேட்டும் உண்டு. அதை மிதிக்க மனிதனுக்குப் பதில் ஓர் இயந்திரக் கால், கியர் போட ஓர் இயந்திரக் கை, அவ்வளவே வித்தியாசம்.

அந்தக் கை என்ன செய்கிறது? மேனுவல் காரில் கியர் ராடை இடம் வலமாக அசைத்தால், கியர்பாக்ஸுக்குள் நுழையும் ஒரு தண்டு உருளும். முன்னும் பின்னும் தள்ளினால் அதே தண்டு நீளவாக்கில் நகரும். உருளும்போது எந்தக் கியர் ஜோடி என்று தேர்வாகிறது. நகரும்போது கியர் விழுகிறது. ராடின் தலையில் பொறித்திருக்கும் அந்த எண்கோலம் முழுவதும் இந்த இரண்டே அசைவுகள்தான். எஸ்.எம்.ஜி.யின் அலுமினியக் கட்டி, அழுத்தமேறிய எண்ணெயால் அதே தண்டை உருட்டியும் தள்ளியும் வேலை வாங்குகிறது. ஆக, எம்3-ஐ மேனுவலாக மாற்றுவது புது உறுப்பு பொருத்தும் சிகிச்சை அல்ல. பிறவியிலேயே மேனுவலான ஒரு கியர்பாக்ஸின் மேலிருந்து இரவல் கையை எடுத்துவிடுகிறார்கள்.

ஏன் எடுக்க வேண்டும்? முதல் காரணம் வயது. பம்ப்பின் மோட்டார் தேயும். அதற்கு மின்சாரம் விடும் ரிலே கருகும். அழுத்தத்தைச் சேமித்து வைக்கும் உருண்டைக் கலன் வலுவிழக்கும். மீட்டர் பலகையில் பற்சக்கர வடிவ எச்சரிக்கை விளக்கு எரியும். சில நேரம் கார் கியரிலேயே மாட்டிக்கொண்டு நடுச்சாலையில் நின்றுவிடும். இரண்டாவது காரணம், நெரிசலில் அது நடந்துகொள்ளும் விதம். தானாகக் கியர் மாற்றும் நிலையில் விட்டு மெதுவாக ஊர்ந்தால், ஒவ்வொரு மாற்றத்துக்கும் உள்ளே இருப்பவர்களின் தலை முன்னும் பின்னும் ஆடும். பந்தயத் தடத்தில் முழு வேகத்தில் அற்புதமாக இருக்கும் கருவி, சிக்னலில் தடுமாறும்.

பழுது செலவு கையைக் கடிக்கும்போது உரிமையாளர் கணக்குப் போடுகிறார். பம்ப்பும் மற்றதும் புதிதாக வாங்கும் தொகையோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தால் மேனுவலாகவே மாற்றிவிடலாமே.

வேலை காலடியில் தொடங்குகிறது. மெக்கானிக் ஓட்டுநர் இருக்கையைக் கழற்றி வெளியே வைத்துவிட்டு, மல்லாந்து படுத்து, தலையை டாஷ்போர்டுக்கு அடியில் நுழைக்கிறார். எஸ்.எம்.ஜி. காரின் பிரேக் பெடல் அகலமானது. இரண்டு கால்களுக்கும் எட்டும் அளவு. அதை எடுத்துவிட்டுக் குறுகலான பெடல், அதன் இடப்பக்கம் கிளட்ச் பெடல். பெடலோடு மாஸ்டர் சிலிண்டர். அதற்கு எண்ணெய், பிரேக் எண்ணெய்க் கிண்ணத்திலிருந்தே ஒரு கிளைக்குழாயில் வருகிறது. மறுமுனையில், கியர்பாக்ஸ் பக்கவாட்டில் ஸ்லேவ் சிலிண்டர். பெடலை மிதித்தால் எண்ணெய் தள்ள, ஸ்லேவ் சிலிண்டரின் தண்டு முள்கரண்டி போன்ற நெம்புகோலை அழுத்த, ரிலீஸ் பேரிங் பிரஷர் பிளேட்டின் பிடியைத் தளர்த்தி கிளட்ச் பிளேட்டை விடுவிக்கும்.

குழாயில் ஒரு குமிழி காற்று இருந்தாலும் பெடல் பஞ்சு மாதிரி அமுங்கி அடியிலேயே கிடக்கும். ஒருவர் மிதிக்க, இன்னொருவர் கீழே திருகைத் திறந்து மூட, குமிழியெல்லாம் வெளியேறி எண்ணெய் தெளிவாக வரும்வரை இது நடக்கும். பிறகு கால் வைத்தால் பெடல் எதிர்த்து நிற்கும். மாற்றத்தின் முதல் உயிர்ப்பு அதுதான்.

கியர்பாக்ஸ் கீழே இருக்கும்போதே கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங், எஞ்சினின் பின் எண்ணெய் சீல் எல்லாவற்றையும் புதிதாகப் போட்டுவிடுவது நல்லது. பாகத்தின் விலையை விட அதை எட்டுவதற்கான கூலியே அதிகம் என்பது எந்தப் பட்டறைக்கும் தெரிந்த விஷயம். நுணுக்கமான இன்னொரு வேலையும் உண்டு. கியர் விழும்போது கையில் ‘டக்’கென்று ஒரு பிடி தெரிகிறதே, அது கியர்பாக்ஸுக்குள் தண்டின் பள்ளத்தில் போய் உட்காரும் ஸ்பிரிங் முளைகளின் வேலை. இயந்திரக் கைக்கு அந்த உணர்வு தேவையில்லை. அதனால் அக்கறையான பட்டறைகள் மேனுவல் காரின் முளைகளை வாங்கிப் பொருத்துகின்றன. இதைச் செய்யாமல் விட்ட காரில் கியர் விழும், ஆனால் விழுந்தது கைக்குத் தெரியாது. அந்த ஒரு உணர்வுக்காகத்தானே இத்தனை பாடும்!

இரும்பு வேலை முடிந்த பின்னும் கார் ஓடாது. எஞ்சினை ஆளும் கணினி இன்னும் எஸ்.எம்.ஜி.யின் கணினியைத் தேடிக்கொண்டிருக்கும். அதற்கு மேனுவல் காரின் மென்பொருளை ஏற்ற வேண்டும். மீட்டர் பலகைக்கும் புதுக் குறியீடு சொல்ல வேண்டும். கிளட்ச் பெடலில் ஒரு சிறு சுவிட்ச், ரிவர்ஸ் விளக்குக்கு ஒரு வயர் இணைப்பு. ரிவர்ஸ் விளக்கை மறந்துவிட்டால், வாகனச் சோதனையில் மாட்டவேண்டியிருக்கும்.

இவ்வளவும் எளிமையான பக்கத்துக் கதை. உண்மையான டார்க் கன்வர்ட்டர் ஆட்டோமேட்டிக்கை மாற்றுவது வேறு மலை. டொயோட்டா சூப்ராவின் ஏ80 தலைமுறை நல்ல உதாரணம். ஆட்டோமேட்டிக்கில், எஞ்சினின் சுழல்தண்டான கிராங்கின் முனையில் இருப்பது மெல்லிய தகடு. அதை எடுத்துவிட்டு கனமான ஃப்ளைவீல் மாட்ட வேண்டும். கிராங்கின் நடுத்துளையில் பைலட் பேரிங் இறங்க வேண்டும். கியர்பாக்ஸின் நீளம் மாறுவதால் அதைத் தாங்கும் குறுக்குச் சட்டமும் பின்சக்கரத்துக்குப் போகும் ஷாஃப்ட்டின் நீளமும் மாறலாம். டர்போ சூப்ராவுக்கு உரிய வி160 ஆறு வேக கியர்பாக்ஸும் கெட்ராக் தயாரிப்புதான். அது அரிதாகி விலை எகிறிவிட்டதால், நிஸ்ஸான் 350இசட் காரின் கியர்பாக்ஸை இடைத்தகடு வைத்துப் பொருத்துவோர் பலர். மேனுவலிலும் விற்பனையான மாடலா என்று பார்ப்பதுதான் இதில் முதல் கேள்வி. ஆம் என்றால் பாகங்கள் எங்கோ இருக்கின்றன. இல்லை என்றால் ஒவ்வொன்றையும் கடைந்து செய்ய வேண்டும். கிளட்ச் பெடலோடு என்றுமே விற்கப்படாத ஃபெராரி 458-ஐ அமெரிக்காவின் டெக்சஸில் அப்படி மாற்றியும் காட்டியிருக்கிறார்கள்.

மாற்றிய பின் கார் வேகம் கூடுமா? கூடாது. 80 மில்லிவினாடியை எந்தக் கையாலும் எட்ட முடியாது. இதைத் தெரிந்தே மாற்றுகிறார்கள். இறங்கு கியரில் எஞ்சின் சுற்றைத் தானே கூட்டிப் பொருத்துவது, வளைவுக்கு முன் வலது காலின் ஒரு பாதியால் பிரேக்கும் மறுபாதியால் ஆக்சிலேட்டரும் மிதிப்பது, தப்பாகப் போட்டால் கார் உதறிச் சொல்வது: ஓட்டுவதன் ருசி இதில்தான் இருக்கிறது என்பது அவர்கள் கட்சி. தயாரிப்பாளர்களே இதற்குச் செவிசாய்த்ததுண்டு. துடுப்பு கியரோடு மட்டும் வந்த பத்து சிலிண்டர் எம்5-க்கு பி.எம்.டபிள்யூ வட அமெரிக்காவில் பின்னர் மேனுவல் கொடுத்தது. 2013-ல் மேனுவலைக் கைவிட்ட போர்ஷே 911 ஜிடி3, 2017-ல் அதைத் திரும்பக் கொண்டுவந்தது.

ஆனாலும் எல்லா எஸ்.எம்.ஜி.யையும் கழற்றிவிடலாம் என்று சொல்ல மனம் வரவில்லை. 2003-ல் வந்த எம்3 சி.எஸ்.எல். சுமார் 1,400 மட்டுமே செய்யப்பட்டது. எடை குறைத்து, 360 குதிரைத்திறனோடு, எஸ்.எம்.ஜி.யில் மட்டும். அதையும் சிலர் மேனுவலாக்குகிறார்கள். ஓட்ட இனிமையாகத்தான் இருக்கும். ஆயினும் அந்தக் காரை அதன் பொறியாளர்கள் நினைத்த வடிவில் விட்டுவைப்பதே முறை. சாதாரண எம்3 என்றால், பம்ப் ஓய்ந்துவிட்டது என்றால், தாராளமாக மாற்றலாம்.

மாற்றுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஜெர்மனி போன்ற நாடுகளில் இத்தகைய மாற்றத்தைச் சோதித்து ஆவணத்தில் ஏற்றியாக வேண்டும். அதை முதலிலேயே விசாரித்துவிடுங்கள். கழற்றிய பம்ப், அலுமினியக் கட்டி, வயர்கள், பழைய பெடல் எதையும் விற்றுவிடாதீர்கள். எண்ணெயை வடித்து, குழாய் வாய்களை அடைத்து, ஒரு பெட்டியில் பெயர் எழுதி வையுங்கள். காரை விற்கும் நாளில் அந்தப் பெட்டியும் காரோடு போகட்டும்.