கயிற்றின் வலிமையைக் கண் அறியுமா?

1865-ம் வருஷம் ஜூலை மாதம் 14-ந் தேதி. ஸ்விட்ஸர்லாந்துக்கும் இத்தாலிக்கும் எல்லையாக நிற்கும் மாட்டர்ஹார்ன் சிகரத்தை அன்றுதான் மனிதர் முதன்முதலாக மிதித்தனர். எட்வர்ட் விம்பரும் உடன் சென்ற அறுவரும் வெற்றிக் களிப்புடன் இறங்கத் தொடங்கினர். எழுவரும் கயிற்றால் பிணைக்கப்பட்டிருந்தனர். ஹடோ என்ற இளைஞரின் கால் சறுக்கிற்று. அவர் முன்னே இருந்த வழிகாட்டியின்மீது மோதினார். பின்னே இருந்த இருவரையும் கயிறு இழுத்துச் சென்றது. மேலே நின்ற மூவர் பாறையை இறுகப் பற்றினர். நடுவே கயிறு அறுந்தது. நால்வர் வீழ்ந்து மாண்டனர்.

அறுந்தது எந்தக் கயிறு? கொண்டு சென்ற மூன்று வகைகளுள் மிக மெலிந்தது. வலிய கயிறு உபயோகமின்றி மிச்சமிருந்தது! இதற்கு ஓராண்டு முன்னரே, 1864-ல், லண்டன் ஆல்பைன் கிளப்பின் கமிட்டி ஒன்று கயிறுகளைப் பரீட்சித்து அறிக்கை வெளியிட்டிருந்தது. அறிவு இருந்தது, அதைக் கைக்கொள்ளும் கவனம் இல்லை.

அக்கவனம் இன்று இருக்கிறதா? கயிற்றைப் பாறையுடன் இணைக்கும் காரபைனர் என்னும் உலோகக் கொக்கி வளையத்தை எடுத்துக்கொள்வோம். நெடுக்குவாட்டில் அது 20 கிலோநியூட்டன், அதாவது சுமார் 2,000 கிலோ எடைக்கு ஈடான இழுவையைத் தாங்கவேண்டும் என்பது சர்வதேச விதி. ஆனால் எவ்விதப் பரீட்சைக்கும் உட்படாத வளையங்களும் மலிவாகக் கிடைக்கின்றன. தோற்றத்தில் இரண்டுக்கும் பேதமில்லை.

"நானே அதில் தொங்கிப் பார்த்தேன், தாங்கிற்று" என்பார் உண்டு. அசையாது தொங்கும் உடல் வேறு, வீழும் உடல் வேறு. 80 கிலோ எடையை வீழ்த்திக் கயிற்றைச் சோதிக்கும் பரீட்சையில், கயிற்றில் ஏறும் விசைக்கு விதித்துள்ள உச்சவரம்பே 12 கிலோநியூட்டன். தொங்கும் எடையைப் போல் அது ஏறக்குறைய பதினைந்து மடங்கு!

"ஒன்றை முறியும்வரை இழுத்துப் பார்த்தேன்" என்பார் வாதமும் முழுமையானதன்று. முறிந்தது தன் வலிமையைத்தான் சொல்லிற்று. பக்கத்தில் இருப்பதன் உள்ளே விரிசல் இருக்கலாம், பதம் தவறியிருக்கலாம். ஆகவேதான் ஒவ்வொரு தொகுதியிலிருந்தும் மாதிரி எடுத்து முறித்துப் பார்ப்பதும், தொழிற்சாலையைச் சாராத பரீட்சகர் மேற்பார்வையிடுவதும் அவசியமாகின்றன. வளையத்தில் பொறித்த எண்களுக்குப் பின்னால் இருப்பது இந்த உழைப்பே.

முத்திரையையும் போலியாகப் பொறிக்கலாமே என்று கேட்கலாம். உண்மையே. ஆதலால் நம்பத்தகுந்த வியாபாரியிடம் வாங்குவதே விவேகம். முத்திரையற்ற வளையத்தில் சாவிக்கொத்தை மாட்டுங்கள், மனிதரை மாட்டவேண்டாம்.

சிக்கனம் தன் பணத்தில் செய்யத்தக்கது. பிறர் உயிரில் அன்று. மலையில் கயிறு ஒருவனை மட்டும் கட்டுவதில்லை. தன் துணிச்சலை நம்பிப் பரீட்சிக்காத கருவியை எடுத்துச் செல்பவன், தன்னுடன் பிணைக்கப்பட்டவனிடம் சம்மதம் கேட்டானா?