முற்றத்துக் கோழி – 9
அடைக்கு உட்கார்ந்துவிட்டால்

"முட்டை நின்றுபோச்சு. பெட்டியை விட்டு எழுந்திருக்கவே மாட்டேங்குது. கை நீட்டினால் சிலிர்த்துக்கொண்டு கொத்த வருது." திருவனந்தபுரத்தில் கரமனையிலும் பேரூர்க்கடையிலும் நாலைந்து கோழி வைத்திருப்பவர்கள் இதைச் சொல்லும்போது, கோழிக்கு ஏதோ வந்துவிட்டது என்ற பயம் குரலிலேயே தெரியும். நோய் எதுவும் இல்லை. கோழி அடைக்கு உட்கார்ந்திருக்கிறது.

மொட்டைமாடிக் கூண்டில் நிற்கும் பி.வி. 380 போன்ற கலப்பினங்களிடம் இதை அதிகம் பார்க்க முடியாது. தலைமுறை தலைமுறையாக முட்டைக்கென்றே தேர்ந்தெடுத்ததில், அடைகாக்கும் குணம் கழிந்துபோய்விட்டது. நாட்டுக்கோழியோ பத்துப் பதினைந்து முட்டை இட்டதும் உட்கார்ந்துவிடும். கழுத்தில் இறகில்லாத நாட்டுக்கோழி இருக்கிறதே, இந்தியாவில் அதன் தாயகமாகச் சொல்லப்படுவது திருவனந்தபுரம் வட்டாரம்தான்.

இருட்டு மூலை, எடுக்காமல் சேர்ந்த முட்டைகள், அவை அடிவயிற்றில் படும் தொடுகை எல்லாம் சேர்ந்து கோழியின் பிட்யூட்டரி சுரப்பியைப் புரோலாக்டின் சுரக்கத் தூண்டுகின்றன. அது கூடியதும் சூலகம் சுருங்கி முட்டை நின்றுவிடும். இந்த ஹார்மோனைச் செலுத்தியே கோழியை அடைக்கு உட்கார வைக்கலாம் என்று ஆஸ்கர் ரிடிலும் அவருடன் இருந்தவர்களும் 1935இல் அமெரிக்காவில் காட்டிவிட்டார்கள். ஆகவே இதைப் பிடிவாதம் என்று திட்டுவது நியாயமில்லை. நாளுக்கு ஒரு தடவை எழுந்து, அவசரமாகத் தின்று குடித்து, பெரிதாக எச்சமிட்டுவிட்டு மறுபடி போய் உட்காரும். அதற்குள் உடம்பு இளைக்கும், கொண்டை வெளிறும்.

இப்படி இளைத்துக் கிடக்கும் உயிரைத்தான் அடையைக் கலைக்க வாளித் தண்ணீரில் முக்குகிறார்கள். மூக்குத் துளையில் இறகைச் செருகுகிறார்கள். காலைக் கட்டி வெயிலில் போடுகிறார்கள். பழைய வழக்கம் என்பதற்காக இதை ஏற்க என்னால் முடியாது. மூக்கில் இறகு என்பது வெறும் வதை. இடவப்பாதி மழையில் நனைந்த கோழிக்குக் குளிரும் சேர்ந்தால் நிலைமை இன்னும் மோசமாகும்.

குஞ்சு வேண்டாம் என்றால் வழி எளிது. தரையிலிருந்து உயர்த்தி வைத்த, அடியில் கம்பிவலை உள்ள கூண்டில் விடுங்கள். வைக்கோல் கூடாது. வெளிச்சமும் காற்றும் அடியிலிருந்து வர வேண்டும். தீனியும் தண்ணீரும் எப்போதும் இருக்க வேண்டும். உட்கார்ந்த முதல் நாளே செய்தால் மூன்று நான்கு நாளில் மனம் மாறும். ஒரு வாரம் விட்டுவிட்டுச் செய்தால் அதிக நாள் பிடிக்கும். அதன்பின் முட்டைக்கு இன்னும் ஓரிரு வாரமாவது பொறுக்க வேண்டும். முட்டையை அன்றன்றே எடுப்பவர் வீட்டில் இந்தத் தொல்லையே குறைவு.

ஆனால் நாட்டுக்கோழி உட்கார்ந்தால் உட்காரவிடுங்கள் என்பதே என் கட்சி. மின்சாரம் போனாலும் சூடு குறையாத இன்குபேட்டர் வேறு எது? சேவல் இல்லாத வீடாக இருந்தால், சேவல் உள்ள வீட்டில் ஒரு வாரத்துக்கு மேல் பழசாகாத, பிரிட்ஜில் வைக்காத முட்டை பத்துப் பன்னிரண்டு வாங்கி, அந்தி சாய்ந்தபின் அடியில் வையுங்கள். பேன் வராமல் கூடையில் கொஞ்சம் சாம்பல் தூவுங்கள். ஏழாம் நாள் இருட்டில் டார்ச் அடித்துப் பார்த்து, நரம்பு ஓடாத முட்டைகளை எடுத்துவிடுங்கள். துலாமாச இடிக்குப் பயந்து கூடையில் இரும்புத் துண்டும் கரியும் போடுகிறவர்கள் போடட்டும், கோழிக்கு அதனால் கெடுதல் இல்லை. கீரியும் மரநாயும் நுழையாத மூடிதான் முக்கியம்.

21ஆம் நாள் பொரிக்கும். முட்டை எல்லாம் கூழாகிவிட்டாலும் கோழியின் உழைப்பு வீணாக வேண்டியதில்லை. குடப்பனக்குன்னில் கால்நடைப் பராமரிப்புத் துறையின் வட்டாரக் கோழிப்பண்ணை இருக்கிறது. அங்கோ வேறு பண்ணையிலோ ஒருநாள் குஞ்சு கிடைத்தால், இரவில் ஓசையில்லாமல் ஒவ்வொன்றாக அடியில் தள்ளிவிடுங்கள். இரண்டு மூன்று வாரம் உட்கார்ந்த கோழி பெரும்பாலும் ஏற்றுக்கொள்ளும். விடிந்ததும் அரை மணி நேரம் பக்கத்திலேயே நின்று பாருங்கள். ஏதாவது குஞ்சைக் கொத்தி விரட்டினால் உடனே பிரித்து பல்புச் சூட்டில் வைக்க வேண்டும்.

குஞ்சுகளுக்கான தடுப்பு மருந்துகள் அடுத்த வாரம்.