கொண்மூ என்றால் யார்?

அகராதி நம் வீடுகளில் பெரும்பாலும் அலுமாரியின் மேற்றட்டிலே தூசி படிந்து கிடப்பது. பரீட்சை நெருங்கும்போது மட்டும் அது கீழே இறங்கும். குடும்பத்தார் யாவரும் கூடிச் சிரிப்பதற்கும் அது உதவும் என்றால் பிள்ளைகள் நம்பமாட்டார்கள்.

விளையாட்டு எளியது. ஒருவர் அகராதியிலிருந்து அரிய சொல்லொன்றைத் தேர்ந்து வாசிப்பார். மற்றவர்கள் அதற்கு ஒவ்வொரு பொருளைக் கற்பித்துத் துண்டுக் கடதாசியில் எழுதிக் கொடுக்கவேண்டும். உண்மைப் பொருளும் அவற்றோடு கலந்து வாசிக்கப்படும். எது மெய், எது பொய் எனக் கண்டுபிடிப்பதே போட்டி. நாம் கற்பித்தவற்றுட் சில வருமாறு:

கொண்மூ: இரவலாகக் கொண்டுபோன பொருளைப் பற்றி மூச்சும் விடாத அயலவர்.

வங்கூழ்: விருந்தினர் தொகை கூடக்கூட, தண்ணீர் விட்டுப் பெருக்கப்படும் ஒடியற்கூழ்.

மடங்கல்: பெரியவர் ஒருவர் அமர்ந்ததும் முன்னறிவித்தலின்றி மடங்கிவிடும் சாய்மனைக் கதிரை.

குடிஞை: பிள்ளை "குடித்துவிட்டேன்" என்று கூறிப் பள்ளிக்குப் போனபின், கோப்பையின் அடியிற் காணப்படும் பால்.

பாசடை: மாரிகாலத்திற் பெட்டிக்குள் மறந்து வைக்கப்பட்டு, பாசி பூத்த அடை.

இனி உண்மைக்கு வருவோம். கொண்மூ என்பது முகில். கடலிடம் கொண்ட நீரை அது மழையாகத் திருப்பித் தந்துவிடுகிறது. ஆகவே நம் அயலவருக்கு அப்பெயர் பொருந்தாது. வங்கூழ் என்பது காற்று. தண்ணீர் விட்ட கூழைக் குடித்தவர் வயிற்றில் எஞ்சுவதும் அதுவே. மடங்கல், சிங்கம், ஆளை வீழ்த்துவதில் கதிரைக்கு அது இளைத்ததன்று. குடிஞை, ஆந்தை. பாசடை, பச்சிலை.

ஆங்கிலத்தில் இத்தகைய நகைச்சுவைக்குத் தனி நூல்களே உண்டு. அமெரிக்கரான அம்புரோசு பியர்சு 1911இல் 'சாத்தானின் அகராதி'யை வெளியிட்டார். 1983இல் டக்ளசு ஆடம்சும் சோன் லாயிடும் ஊர்ப்பெயர்களுக்கு வேடிக்கைப் பொருள் கூறி ஒரு நூல் செய்தனர்.

நம் விளையாட்டில் சிரிப்போடு பாடமும் உண்டு. பொய்ப்பொருள் கற்பிப்பதற்கும் சொல்லைப் பிரித்துப் பார்த்தாக வேண்டும். பாசடையைப் 'பாசி' என்றும் 'அடை' என்றும் பிரித்த மாணவன், பசுமையும் அடையும் சேர்ந்தே அச்சொல் ஆயிற்றென்றும், அடை என்பது இலையையும் குறிக்குமென்றும் கேட்டபின் அதனை மறக்கவே மாட்டான்.

ஆனால் ஒரு விதியைக் கைவிடலாகாது. உண்மைப் பொருளைச் சொல்லாமல் எவரும் எழுந்து போகக்கூடாது. பொருள் தடம் மாறினால் மீட்பது அரிது. பண்டைத் தமிழில் நாற்றம் பூவின் நறுமணத்தையும் குறித்தது. இன்றோ அச்சொல்லைக் கேட்டதும் மூக்கைப் பொத்துகிறோம். பழைய பாடலைப் படிக்கும் பிள்ளை மயங்குகிறது.

வீரமாமுனிவர் 1732இல் சதுரகராதியைத் தொகுத்தார். யாழ்ப்பாணத்து மானிப்பாய் அகராதி 1842இல் வெளிவந்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் பேரகராதி 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக அச்சாயிற்று. அறிஞர்கள் அரும்பாடுபட்டுச் சொற்களைக் காத்துத் தந்தனர். எனினும் ஏட்டிலே காக்கப்படும் சொல் உறங்கும் சொல்லே. நாவிலே வழங்கும்போதுதான் அது விழிக்கிறது.

அடுத்த முறை வானம் இருண்டு வரும்போது, "கொண்மூ வருகிறது, கொடியிற் கிடக்கும் உடுப்புகளை எடுங்கள்" என்று சொல்லிப் பாருங்கள். வீட்டார் சிரிப்பார்கள். அச்சொல்லும் இன்னும் ஒரு தலைமுறை வாழும்.