முனகும் சக்கரம்

மகிழுந்தின் பின்சக்கரம் அச்சின்மீது நேரடியாக உராய்ந்து சுழல்வதில்லை. இரண்டிற்கும் இடையே ‘பேரிங்’ எனப்படும் தாங்கி உள்ளது. இரு எஃகு வளையங்கள். அவற்றின் நடுவே உருளும் குண்டுகள். குண்டுகள் தேயாதிருக்கக் கிரீஸ். மிதிவண்டிச் சக்கரத்தின் நடுவிலும் இதன் எளிய வடிவத்தைக் காணலாம்.

நீரும் சேறும் உள்ளே புகுந்தால் கிரீஸ் கெடும்; குண்டுகள் ஓடும் பாதையில் நுண்குழிகள் விழும். அப்போது வண்டு முரல்வதுபோல் ஓர் ஒலி எழும்; வேகம் கூடக்கூட அதுவும் கூடும். ஓட்டுநருக்கு முன்பே பின்னிருக்கைச் சிறுவர்கள் அதனைக் கேட்டுவிடுவதுண்டு. பொருட்படுத்தாமல் ஓட்டினால் பேரிங் சூடேறிச் சக்கரம் இறுகலாம், கழன்றும் போகலாம்.

சீரற்றுத் தேய்ந்த டயரும் இவ்வாறே ஒலிக்கும். ஆகவே முன்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, பின்புறத்தை ஜாக்கியால் உயர்த்தி, கை பிரேக்கைத் தளர்த்திச் சக்கரத்தைக் கையால் சுழற்றிப் பார்ப்பர். கரகரப்போ ஆட்டமோ தென்பட்டால் பேரிங்கை மாற்ற வேண்டும்.

டிரம் பிரேக் உள்ள பல வண்டிகளில் பேரிங் அந்த டிரம்மினுள்ளேயே இறுகப் பொருந்தியிருக்கும். புதியதை உள்ளே அழுத்தும்போது விசை வெளிவளையத்தின் மீதே விழ வேண்டும். உள்வளையத்தைத் தட்டினால் அவ்விசை குண்டுகளின் வழியே பாய்ந்து, ஓடத் தொடங்குமுன்பே புதிய பேரிங்கில் குழி விழுந்துவிடும். அனுபவமுள்ள மெக்கானிக்குகள் இவ்வேலையில் சுத்தியலைத் தவிர்ப்பது இதனால்தான்.