நடுக்கம் எங்கிருந்து வருகிறது?

புனேயிலிருந்து நாசிக் செல்லும் நெடுஞ்சாலையில் அமைந்த ஊர் போசரி. இங்குள்ள தொழிற்பேட்டையில் வாகன உதிரிப் பாகங்களைச் செய்யும் ஆலைகள் பல உள்ளன. 1967ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற மத்தியச் சாலைப் போக்குவரத்து நிறுவனமும் இவ்வூரில்தான் உள்ளது. பணியின் பொருட்டு இப்பகுதியில் குடியேறிய தமிழ்க் குடும்பங்களுள் சில, விடுமுறையில் மகிழுந்திலேயே சொந்த ஊருக்குச் செல்வதுண்டு. சென்னைக்கு மட்டுமே ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர் தொலைவு. அத்தகைய பயணத்துக்கு முன் வண்டியின் முன்பக்கம் நடுங்கினால், அதன் காரணத்தை அறிந்த பின்னரே புறப்பட வேண்டும்.

நடுக்கம் ஒன்றுபோல் தோன்றினாலும் காரணங்கள் பல. அவற்றைப் பிரித்தறிய மூன்று வினாக்கள் உதவும்: எந்த வேகத்தில் நடுங்குகிறது? என்ன செய்யும்போது நடுங்குகிறது? எந்த இடத்தில் உணரப்படுகிறது?

மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தைக் கடந்த பின் மட்டும் ஸ்டியரிங் நடுங்கினால், முன்சக்கரத்தின் எடைச் சமநிலை குலைந்திருக்கலாம். ரிம்மில் பொருத்திய சிறு எடைத்துண்டு உதிர்ந்திருக்கலாம். மழைக்காலச் சேறு உட்புறத்தில் காய்ந்து ஒட்டியிருக்கலாம். 100 கிலோமீட்டர் வேகத்தில் சிறிய மகிழுந்தின் சக்கரம் விநாடிக்கு ஏறத்தாழ 15 முறை சுழல்கிறது. அப்போது ரிம்மின் ஒரு பக்கத்தில் 20 கிராம் குறைந்தாலும், சுமார் மூன்றரைக் கிலோ எடைக்கு நிகரான விசை சக்கரத்தை உலுக்கும். வேகம் இருமடங்கானால் அவ்விசை நான்கு மடங்காகும். ஆதலால் மெதுவாகச் செல்லும்போது மறைந்திருந்த குறை, விரைந்து செல்லும்போது வெளிப்படுகிறது. இருக்கையும் தரையும் மட்டும் அதிர்ந்தால் பின்சக்கரங்களையும் சோதிக்க வேண்டும்.

குறைந்த வேகத்திலேயே வண்டி தள்ளாடினால், பள்ளத்தில் மோதி ரிம் வளைந்திருக்கலாம். அல்லது டயரின் உள்ளடுக்கு பிரிந்து புடைத்திருக்கலாம். புடைத்த டயர் ஓடும்போதே வெடிக்கக்கூடும். அதை மாற்றியே ஆகவேண்டும். பிரேக்கை அழுத்தும்போது மட்டும் நடுங்கினால், பிரேக் வட்டின் தடிமன் சீரற்றுப் போயிருக்கலாம். வேகத்தைக் கூட்டும்போது மட்டும் அதிர்ந்தால், எஞ்சினின் ஆற்றலைச் சக்கரத்துக்குக் கடத்தும் தண்டின் இணைப்பு தேய்ந்திருக்கலாம். நடுக்கமின்றி வண்டி ஒரு பக்கமாக இழுத்தால், காற்றழுத்தத்தையும் சக்கரங்களின் நேர்வரிசையையும் பார்க்க வேண்டும்.

சோதனையை எளியவற்றிலிருந்து தொடங்குவதே முறை. முதலில் சக்கர நட்டுகள் இறுகியுள்ளனவா என்று பார்க்க வேண்டும். அவை தளர்ந்திருந்தால் சக்கரமே கழன்று விடக்கூடும். பின்னர்க் காற்றழுத்தம், சேறு, டயரின் தேய்மானம் ஆகியவற்றைக் காண வேண்டும். அடுத்து, பட்டறையில் வண்டியை ஜாக்கியால் உயர்த்தித் தாங்கியில் நிறுத்துவர். சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டும்போது அசைந்தால் பேரிங்கிலோ பந்து மூட்டிலோ தேய்மானம் இருக்கலாம். இடமும் வலமும் பிடித்து ஆட்டும்போது மட்டும் அசைந்தால் ஸ்டியரிங் இணைப்புகளை ஐயுறலாம்.

காரணம் அறியாமல் ஒவ்வொரு பாகமாக மாற்றினால் பணம் செலவாகும். நடுக்கமோ அப்படியே நிற்கும். வண்டியில் உடன் செல்லும் சிறுவரும் நடுக்கத்தைக் கவனித்துச் சொல்லலாம். தமிழில் கவனித்ததைப் போசரிப் பட்டறையில் மராத்தியில் சொன்னாலும், அம்மூன்று வினாக்களுக்கான விடை பழுதின் இடத்தைச் சுட்டிக்காட்டிவிடும்.

பயிற்சி
1. வேகம் கூடும்போது எடைக் குறைவின் விளைவு மிகுவது ஏன்?
2. பிரேக்கை அழுத்தும்போது மட்டும் நடுங்கினால் எப்பாகத்தைச் சோதிக்க வேண்டும்?
3. பிரித்து எழுதுக: மழைக்காலம், உள்ளடுக்கு, காற்றழுத்தம்.