கத்தரிப்பூவை உலுக்கும் கருவண்டு

காலை வெயில் ஏறும் நேரத்தில் கத்தரிச் செடியருகே பேசாமல் கொஞ்சம் நின்று பாருங்கள். கருவண்டு ஒன்று தாழ்ந்த குரலில் முரன்றுகொண்டு வரும். ஊதாப் பூவைத் தொற்றிப் பிடித்ததும் சத்தம் அடங்கும். மறுகணமே சுருதி ஏறி, 'ஙீங்' என்று ஒரு வெட்டு. விட்டு இன்னொரு வெட்டு. அப்போது அதன் சிறகு மடிந்தே இருக்கும். பூ மட்டும் நடுங்கும்.

ஏன் இந்தக் கூத்து என்று அறிய, பூவைக் கையில் எடுக்க வேண்டும். பூசணிப் பூவையோ செம்பருத்தியையோ தொட்டால் விரலில் மஞ்சள் தூள் ஒட்டும். அவற்றின் மகரந்தப் பைகள் வெடித்துத் திறந்து கிடக்கின்றன. கத்தரிப்பூவின் நடுவிலுள்ள மஞ்சள் கூம்பைத் தடவிப் பாருங்கள், ஏறக்குறைய ஒன்றும் ஒட்டாது. அதன் பைகள் பக்கவாட்டில் திறப்பதில்லை. நுனியில் மட்டும் பொடித் துளைகள் உண்டு. பவுடர் டப்பாவேதான்! தடவினால் வராது, குலுக்கினால் வரும்.

தக்காளி, சுண்டை, மணத்தக்காளி, தூதுவளை, கண்டங்கத்தரி எல்லாம் இதே குடும்பம், இதே வழக்கம். இந்தப் பூக்களில் தேனும் கிடையாது. வருகிற வண்டுக்குக் கூலி மகரந்தம் மட்டும்தான். குஞ்சுகளுக்கு அது புரத உணவு. அதை மொத்தமாகத் திறந்து வைத்தால் முதலில் வந்ததே வழித்துக்கொண்டு போய்விடும். குலுக்கலுக்குக் கொஞ்சம் என்று அளந்து கொடுத்தால் பல வண்டுகள் வரும், பல பூக்களுக்குப் போகும்.

குலுக்கும் விதம்தான் எனக்குப் பெரிய வியப்பு. கருவண்டு என்று நாம் சொன்னாலும் அது தேனீ இனத்தைச் சேர்ந்தது. பறப்பதற்கான தசைகள் அதன் மார்புக்குள் இருக்கின்றன. சிறகை மடக்கிவிட்டு அந்தத் தசைகளை மட்டும் ஓட்டுகிறது. காரை நியூட்ரலில் போட்டு ஆக்சிலேட்டரை மிதிப்பது போல. சிறகின் சுமை இல்லாததால் அதிர்வு வேகம் கூடுகிறது. சுருதி ஏறுவது அதனால்தான். கூம்பை வாயால் கவ்வி, உடம்பை அதன்மேல் வளைத்துக்கொண்டு இதைச் செய்வதால் அதிர்வு பூவுக்குள் இறங்குகிறது. துளை வழியே தூள் பீறிட்டு அதன் வயிற்று மயிரில் ஒட்டுகிறது. வயிற்று வரியில் நீலம் மின்னும் சிறு தேனீ ஒன்றும் நம் தோட்டங்களில் இந்த வேலையைச் செய்கிறது. பெட்டியில் வளர்க்கும் தேனீக்கு மட்டும் இந்த வித்தை தெரியாது.

ஆவாரம்பூ இன்னும் ஒரு படி மேலே போகிறது. நடுவில் குட்டையான மகரந்தத் தாள்கள், கீழே நீண்டு வளைந்தவை என இரு தினுசு வைத்திருக்கிறது. வண்டு குட்டையானவற்றைக் குலுக்கி உணவு எடுக்கும்; அதே அதிர்வில் நீண்டவை அதன் உடம்பில் வேறிடத்தில், கைக்கு எட்டாதபடி, தூளைப் பூசிவிடும். அடுத்த பூவின் சூல்முடிக்குப் போவது இந்தத் தூள். ஒரே பூவில் இரு வகைத் தாள்கள் எதற்கு என்ற கேள்வி டார்வினையே கடைசிக் காலம்வரை குடைந்தது. ஒன்று விருந்துக்கு, மற்றது விதைக்கு என்ற விடையை, பிரேசிலில் வாழ்ந்த ஃபிரிட்ஸ் முல்லர் எழுதினார்.

கத்தரியும் தக்காளியும் தம் மகரந்தத்திலேயே காய்க்கக் கூடியவை. காற்று உலுக்கினாலும் கொஞ்சம் உதிரும். ஆனால் வண்டு வந்தால் தூள் நிறைய விழும், விதை கூடும், காய் பெருக்கும். காற்றே புகாத ஐரோப்பியப் பசுமைக்குடில்களில் ஆட்கள் அதிர்வுக் கருவியைப் பிடித்துத் தக்காளிப் பூங்கொத்துகளை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு போனார்கள். 1980களில் பெல்ஜியத்துக் கால்நடை மருத்துவர் ரோலந்து டி யோங்கே, பம்பிள் தேனீக்களை உள்ளே விட்டால் அவையே இதைச் செய்துவிடும் என்று கண்டார். 1987 முதல் அந்தத் தேனீக்கள் கூட்டோடு விலைக்கு வந்தன.

நம் சமவெளியில் பம்பிள் தேனீ கிடையாது. கருவண்டு இருக்கிறது, விலையில்லாமல். அதை நாம் நடத்தும் விதம்தான் மனதை வருத்துகிறது. காய்த்துளைப்பானுக்குப் பயந்து கத்தரிக்கு ஓயாமல் மருந்தடிக்கிறோம், அதுவும் பூ விரிந்து வண்டு வரும் காலை வேளையில். மருந்து தவிர்க்க முடியாதென்றால் வண்டுகள் அடங்கிய பிறகு, அந்தி சாய்ந்து அடிக்கலாம். கூடு வைக்க வீட்டு உத்திரத்தைத் துளைக்கிறது என்று கருவண்டைத் துடைப்பத்தால் அடித்துக் கொல்கிறார்கள். ஆண் வண்டுக்குக் கொடுக்கே இல்லை; பெண் வண்டும் கையில் பிடித்து நசுக்கினால்தான் கொட்டும். அதற்கு வேண்டியது குடைவதற்கு ஓர் உலர்ந்த கட்டை. பட்டுப்போன கிளையையோ இரண்டு மூங்கில் துண்டுகளையோ மழை படாத வேலியோரம் கட்டி வையுங்கள்.

வண்டு வராத மொட்டை மாடி என்றால், பேட்டரியில் ஓடும் பல்துலக்கும் பிரஷின் பின்புறத்தைத் தக்காளிப் பூக்காம்பில் ஒரு நொடி வைத்துப் பாருங்கள். கீழே கறுப்புத் தாளைப் பிடித்தால் மஞ்சள் தூள் புகைபோல இறங்குவது கண்ணுக்குத் தெரியும்.