முடியவில்லையா, செய்யவில்லையா? தமிழ்த் தொடரமைப்பும் கட்டுப்பாட்டு உணர்வும்

தம் வாழ்வில் நிகழ்வனவற்றுக்குத் தம் முயற்சியே காரணம் என ஒருவர் கருதலாம். ஊழ், வாய்ப்பு, பிறர் அதிகாரம் ஆகியவையே காரணம் என மற்றொருவர் கருதலாம். முன்னதை அகக் கட்டுப்பாடு என்றும் பின்னதைப் புறக் கட்டுப்பாடு என்றும் உளவியலார் வழங்குவர். இவ்வேறுபாட்டை அளப்பதற்கு அமெரிக்க உளவியலாளர் ஜூலியன் ரோட்டர் 1966ஆம் ஆண்டில் ஓர் அளவுகோலை வெளியிட்டார். வினாநிரல் ஏதுமின்றி, ஒருவரது பேச்சைக் கொண்டே இவ்வுணர்வை அறிய இயலுமா என்பதே இங்கு நம் வினா. தமிழைப் பொறுத்தவரை இவ்வினாவை எச்சரிக்கையுடன் அணுகுதல் வேண்டும்.

அயல்நாட்டில் முனைவர் பட்ட ஆய்வு மேற்கொண்டிருந்தபோது, கருத்தரங்கு ஒன்றில் 'எனக்குப் பசிக்கிறது', 'எனக்குத் தெரியும்' ஆகிய தொடர்களை எடுத்துக்காட்டி, தமிழர் தம்மைச் செயலற்றவராகவே காண்கின்றனர் என ஒருவர் வாதிட்டார். எனக்குச் சினம் வந்தது. பசித்தல், தெரிதல் போன்ற வினைகளோடு நான்காம் வேற்றுமை வருவது இலக்கணக் கட்டாயம். இவ்வமைப்பு இந்தியிலும் உண்டு. பேசுபவருக்குத் தெரிவே இல்லாத இடத்தில் அவரது மனநிலையைத் தேடுதல் பொருந்தாது. ஆனால், 'எனக்குச் சினம் வந்தது' என மேலே எழுதிய யான், 'சினம் கொண்டேன்' எனவும் எழுதியிருக்கலாம். அங்கே தெரிவு உண்டு; ஆராய்ச்சிக்கும் இடம் உண்டு.

'குவளை உடைந்துவிட்டது' என்பதில் உடைத்தவர் இல்லை. 'குவளையை உடைத்துவிட்டேன்' என்பதில் செய்தவரும் உள்ளார். 'விடு' என்னும் துணைவினை வழி அவரது வருத்தமும் புலனாகிறது. மலாய்மொழியில் 'அம்பில்' என்பது எடுத்தல். 'தெர்' என்னும் முன்னொட்டுச் சேர்ந்த 'தெர்அம்பில்' என்பது தவறுதலாக எடுத்துவிடுதல். செய்தவரை மறைக்காமலே அவரது எண்ணத்தை மட்டும் விலக்கிவிடும் இத்தகைய முன்னொட்டு தமிழில் இல்லை. 'தெரியாமல்', 'கை தவறி' போன்றவற்றையே நாம் துணைக்கொள்கிறோம்.

வகுப்பறையில் பெரிதும் கேட்கப்படும் இணை வேறொன்று: 'என்னால் எழுத முடியவில்லை', 'நான் எழுதவில்லை'. முன்னது இயலாமையைக் கூறுகிறது. பின்னது பொறுப்பை ஏற்கிறது. எனவே, முன்னதைக் கூறும் மாணவர் புறக் கட்டுப்பாட்டு உணர்வுடையவர் என முடிவு செய்யத் தோன்றும். இம்முடிவு எனக்கு உடன்பாடன்று. ஆசிரியரை நோக்கி 'நான் எழுதவில்லை' என்று கூறுவது நம் வழக்கில் எதிர்த்துப் பேசுவதாகும். பணிவு கருதியே மாணவர் இயலாமைத் தொடரை நாடுகிறார். ஆதலால், ஆசிரியரிடம் கூறும் விடையைச் சகமாணவரோடு பேசும் பேச்சோடும் நாட்குறிப்பு எழுத்தோடும் ஒப்பிட்ட பின்னரே எதனையும் கூறவியலும்.

பயிற்சி ஆசிரியர்களைப் பார்வையிடச் சென்ற பள்ளி ஒன்றில், வீட்டுப்பாடம் 'முடியல, ஐயா' என்று தலைகுனிந்து நின்ற மாணவன் ஒருவனின் பதிவேட்டில் 'பொறுப்புணர்வு குறைவு' என எழுதப்பட்டிருந்தது. இடைவேளையில் அவனே தன் நண்பனிடம், 'எழுதலடா, தூங்கிட்டேன்' என்றான்.